நான்கு எலுமிச்சம்பழமும் ஒரு பின் ஆக்சிலும்

காயலான்கடையில் பின் ஆக்சில் பொறுக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை இன்றும் சொல்வேன். நான் எழுதப்போகும் கூத்து நடந்த பிறகும் அதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் திருப்பூரிலிருந்து மொரிஷியஸுக்குப் போனேன். தெற்கே செமின் கிரனியே பக்கத்தில் ஒரு பனியன் ஆலை. பின்னல் எந்திரங்கள் நிற்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. தைத்து வரும் சட்டைகளில் குறை பார்க்கும் வரிசையில் ஒருத்தி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் கிரியோல், கோயிலில் மட்டும் முருகன் பாட்டு. தமிழ் பேசினால் அவளுக்குப் புரியும்; தயங்காமல் சொல்லும் தமிழ் வார்த்தை 'அண்ணே' ஒன்றுதான். அதை வைத்தே என்னிடம் எல்லா வேலையும் வாங்கிவிடுவாள்.

ஏழு வருடம் நின்றே வேலை பார்த்ததில் அவள் கெண்டைக்கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அந்த வரிசையை விட்டு வெளியேற அவளுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. மாமா விட்டுப்போன பழைய இங்கிலாந்துக் கார் ஒன்று வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடந்தது. கடற்கரையில் புதிதாகத் திறந்த ஹோட்டலில், தேனிலவுக்கு வரும் ஐரோப்பியர்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட அப்படி ஒரு காரும் ஓட்டும் ஆளும் தேடினார்கள். ஒரு சனிக்கிழமை காலை பத்தரைக்குக் கொண்டுவா, பிடித்தால் நீயே ஓட்டலாம் என்று மேலாளர் அவளிடம் சொல்லியிருந்தார். அன்று மதியம் க்யூர்பிப்பிலிருந்து வேறொருவர் தன் காரோடு வருவதாக ஏற்பாடு. கையில் ஆறு வாரம் இருந்தது.

"ஆறு வாரமா? எனக்கு மூணு போதும்" என்றேன்.

இன்ஜின் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வழிக்கு வந்தது. பின் ஆக்சில்தான் மண்ணோடு மண்ணாக மக்கியிருந்தது. தீவின் தென்கோடியில் சுயாக்கில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே காரின் ஆக்சில் கிடைத்தது. கூடு நேராக இருந்தது, உள்ளே பல்சக்கரம் கிழவன் வாய் மாதிரி பொக்கை. இன்னொன்று வடகோடியில், ட்ரியோலேயில். அது ஏதோ விபத்தில் அடிபட்ட வண்டி, கூடு வளைந்திருந்தது. நான் விடவில்லை. அடைப்பைத் திறந்து, உள்ளே கிடந்த பழைய எண்ணெயை இரண்டு விரலால் தேய்த்து வெயிலில் காட்டினேன். இரும்புத்தூள் மின்னவில்லை. முன்பக்கத் தண்டைப் பிடித்து ஆட்டினால் மயிரிழை ஆட்டம்தான். கடைக்காரர் அதை எடைக்குப் போடக் காத்திருந்தார். "சாகாத உயிரைப் புதைக்கப் பார்க்கிறீரே" என்று எனக்குத் தெரிந்த கிரியோலில் சண்டை பிடித்து வாங்கினேன்.

ஆலை வேனின் பின் இருக்கைக்கு அடியில் அது வீடு வந்து சேர்ந்தது. பெண்கள் கால் வைக்க இடமில்லாமல் திட்டிக்கொண்டே வந்தார்கள். சுயாக்கின் கூட்டுக்குள் ட்ரியோலேயின் பல்சக்கரத் தொகுதியைப் பொருத்தி எட்டு போல்ட்டையும் முடுக்கியபோது, வடக்குக்கும் தெற்குக்கும் நானே கல்யாணம் செய்துவைத்த மாதிரி ஒரு திமிர் எனக்கு.

கடைசி வாரம் புதன்கிழமை மாலை காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, இன்ஜினைக் கிளப்பி முதல் கியர் போட்டேன். சக்கரங்கள் சத்தமில்லாமல் சுற்றின. நான் கைதட்டினேன். அவள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எஸ்கி லி போன், அண்ணே?" என்றாள். சரியாக இருக்கிறதா என்று கேட்கிறாள்.

"நாள் முழுக்க மோட்டாரோட மல்லுக்கட்டுறவன்கிட்டப் போய் இதைக் கேக்குறியே! வாயை மூடிக்கிட்டு உக்காரு" என்றேன்.

சாலையில் ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் அவள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு: முழுசாகப் பிரித்துக் கோர்த்த வண்டி புது வண்டிக்குச் சமம், கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் அது சொந்த பலத்தில் தரையில் உருளக் கூடாது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. திருப்பூரிலும் நாங்கள் அப்படித்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காரைக் கோயில் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனோம். குருக்கள் கும்பகோணத்துக்காரர். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழத்தை வைத்தார். அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சாமியைக் கும்பிட்டுவிட்டு முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டாள்.

கார் கம்பீரமாகப் பின்னால் போனது.

பழங்கள் நான்கும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்க, பின்னால் வைத்திருந்த தண்ணீர் வாளி உருண்டது. "பே ரெகிலே! பே ரெகிலே!" என்று கூட்டம் அலறியது. பின்னால் வருகிறதாம்! எனக்குத் தெரியாதா?

"என்ன ஓய், பிரதட்சணம் பண்ணுவேள்னு பாத்தா வண்டி அப்பிரதட்சணம் பண்றதே!" என்றார் குருக்கள்.

என்ன செய்து தொலைத்தேன் என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. அந்த எட்டு போல்ட்டும் எப்படித் திருப்பினாலும் பொருந்தும். தொகுதியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். முன்னால் போக வேண்டிய கியரெல்லாம் பின்னால் போகும். ஆலையில் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் இரண்டு ஒயரை இடம் மாற்றுவேன், அரை நிமிட வேலை. அதனாலேயே, சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்காது. இதைக் கழற்றி மாட்ட ஒரு நாள் வேண்டும். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

நான் தலையில் கை வைத்து நிற்கும்போதே அவள் கியரை மாற்றினாள். ரிவர்ஸில் போட்டாள். கார் ஊளையிட்டுக்கொண்டு முன்னால் நகர்ந்தது. நான்கு பழமும் ஒன்றாக நசுங்கின. அவள் நிறுத்தவில்லை. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன்.

கடலோரச் சாலை முழுக்க அந்த ஒரே கியர். மாட்டுவண்டி வேகம். சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் தொப்பியைத் தூக்கி வணக்கமும் வைத்தார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அவள் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவே இல்லை.

மேலாளர் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது. காரைச் சுற்றி வந்தார். இவ்வளவு மெதுவாக, பூப்போல ஓட்டுகிறாயே, கல்யாண ஜோடிகளுக்கு இதுதான் வேண்டும் என்றார் பிரெஞ்சில். பிறகு, கொஞ்சம் பின்னால் எடுத்துக் காட்டு, எங்கள் வாசல் வளைவு குறுகலானது என்றார். அவள் நிதானமாக முதல் கியரைப் போட்டாள். சத்தமே இல்லாமல் ஒரே வீச்சில் கார் பின்னால் போய் வளைவில் நின்றது. இப்படிப் பின்னால் எடுப்பவரை நான் பார்த்ததே இல்லை என்றார் அவர். அடுத்த வாரத்திலிருந்து வேலை. க்யூர்பிப்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாராம்.

திரும்பும் வழியில் இன்ஜின் ஆறட்டும் என்று சவுக்குத் தோப்பில் நிறுத்தினோம். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால், "ரிவர்ஸ் போடணும்னு உனக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் தோணுச்சு?" என்றேன்.

"மோ தி த்ருவே, அண்ணே" என்றாள். 'நான் பார்த்தேன்' என்கிறாள்.

மீதியையும் கிரியோலில்தான் சொன்னாள். ஜாக்கி மேல் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது புதன்கிழமையே அவள் கண்ணில் பட்டுவிட்டது. கேட்டாள்; நான் வாயை அடைத்தேன். பெரிய மெக்கானிக் சொல்கிறார், தரையில் இறங்கினால் சரியாகிவிடும் போல என்று நம்பப் பார்த்திருக்கிறாள். நம்பிக்கை வரவில்லை. வியாழனும் வெள்ளியும் ஆலை விட்டு வந்ததும், கொட்டகையில் நின்ற காரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் கியரைப் போட்டுப் போட்டுப் பழகியிருக்கிறாள்.

"மறுபடி ஒரு தடவை சொல்லியிருக்கலாமே?"

"ஊ தி பூ எகூதே?" என்றாள். நீங்கள் காது கொடுத்திருப்பீர்களா?

கொடுத்திருக்க மாட்டேன். அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எட்டு போல்ட்டையும் கழற்றினோம். ஸ்பேனரை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் டார்ச் பிடித்தேன்.