வூடு, கயனி, ரோடு: அக்கா கற்ற கிதார்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். அரசு மருத்துவமனையிலிருந்து வந்த வண்டி எங்கள் தெருமுனையில் நின்று, பின்கதவு திறந்தபோது முதலில் தெரிந்தது அக்காவின் இடது கை. போர்வைக்கு வெளியே இருந்தது. அந்தக் கையின் ஆட்காட்டி விரல் முழுதாக நீளாது. சிறு வயதில் கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டு, நரம்பு சுருங்கிப்போன விரல். நான்கு விரல்களின் நுனியிலும் தோல் தடித்து, குறுக்கே கோடு விழுந்திருந்தது. அந்தக் கோடு அரிவாளால் வந்ததல்ல. கிதார்க் கம்பியால் வந்தது.

முதலாம் ஆண்டு நினைவுக்கு இந்த மலரைப் போடுகிறோம் என்றதும் உறவினர்கள் சிலர் என்ன எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். "பொறுமையின் சிகரம்னு போடும்மா" என்றார் சித்தப்பா. அடக்கத்தன்று ஒட்டிய சுவரொட்டியிலும் அதுதான் இருந்தது. நான் அதைப் போடவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் பிழை பார்ப்பது என் வேலை. தெரிந்தே ஒரு பிழையை அச்சுக்கு அனுப்ப முடியாது. அக்கா பொறுமைசாலி இல்லை.

பெருநகர் என்ற ஊருக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் உள்ள எங்கள் காலனியில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு நடவு, களை, அறுப்பு. கூரத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவரை மணந்தார். எனக்கு அவர் மாமா. இந்தக் கட்டுரையிலும் மாமாதான். இருவரும் எங்கள் ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி விசாரித்தவர்களுக்கு அக்கா கொடுத்த பதில்களை நினைவு மலரில் அச்சிட முடியாது.

வயல் வேலை குறைந்த பிறகு ஏனாத்தூரில் ஒரு மாணவர் விடுதியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். பரீட்சை முடிந்து பையன்கள் அறையைக் காலி செய்தபோது, ஒருவன் வேண்டாம் என்று விட்டுப்போன கிதாரை விடுதிக் காப்பாளர் அக்காவிடம் கொடுத்தார். இரண்டு கம்பி அறுந்து கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறியபோது நடத்துநர் கேட்டார்: "இன்னாம்மா, கச்சேரியா?"

"ஆமாய்யா. நீ டிக்கெட்டக் கிழி, நான் வாசிக்கிறேன்."

அப்போது அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. வீட்டில் மாமா கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வெச்சிக்கினு இன்னாடி பண்ணப் போற?" என்றார்.

"கோயில்ல வாசிக்கப் போறேன்."

மாமா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

கோயில் என்று அக்கா சொன்னது எங்கள் தேவாலயத்தை. எங்கள் சபையில் வாத்தியம் வாசிப்பவர்கள் மேடையில் உட்காருவார்கள். மேடையில் பெண்கள் ஏறுவதில்லை. இப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதப்படவில்லை, வழக்கம், அவ்வளவுதான். அக்கா நேராகக் கமிட்டிச் செயலாளரிடம் போய்க் கேட்டார். நானும் கூட இருந்தேன்.

"பொம்பளைங்க பாடட்டும்மா, யாரு வேணாம்னது? வாத்தியம்னா மேடை ஏறணும் இல்ல?"

"சனிக்கெழம சனிக்கெழம பெருக்கறதுக்கு ஏறிக்கினுதானே கீறேன், ஐயா?"

"அது ஊழியம்."

"இது மட்டும் இன்னாவாம்?"

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மொதல்ல வாசிக்கக் கத்துக்க. அப்புறம் பாக்கலாம்" என்றார். தட்டிக் கழிக்கச் சொன்ன பேச்சுதான். அக்கா அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்.

கற்றுக்கொண்டது கைப்பேசியில். மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே தடவையில் ஒலிக்க வைப்பதை கார்ட் என்கிறார்கள். பாட்டுக்குப் பின்னால் கார்ட்கள் ஒன்று மாறி ஒன்று வந்துகொண்டே இருக்கும். எதற்குப் பின் எது என்பதுதான் வித்தை. கைப்பேசிக் காணொளிகள் எல்லாம் சி, எஃப், ஜி என்று எழுத்துகளில் சொல்லிக்கொடுத்தன. எஃப் பிடிக்க ஆட்காட்டி விரலை நீட்டி ஆறு கம்பிகளையும் அமுக்க வேண்டும். அந்த விரல்தான் நீளாதே. பல வாரம் முயன்று, கம்பி கர்ரென்று கத்தியதுதான் மிச்சம். பக்கத்து வீட்டு அண்ணி மதில் மேலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, ஆட்ட அறுக்கறியா?" என்று கேட்டார்.

"உன் வூட்டு ஆடுதான். வா, வந்து காலப் புடி."

பிறகு அக்கா எஃப் வராத பாட்டுகளைத் தேடினார். ஜி-யில் தொடங்கும் பாட்டுகளுக்கு அந்தப் பிடி தேவைப்படவில்லை. அப்படி ஒரு பாமாலையைப் பழகிக்கொண்டு வெள்ளிக்கிழமை பெண்கள் உபவாச ஜெபத்துக்குக் கிதாரோடு போனார்.

அங்கேதான் அடி விழுந்தது. எங்கள் பெண்கள் வாத்தியத்துக்குக் காத்திருக்கிறவர்கள் அல்லர். மூத்த பெரியம்மா ஒருவர் தன் தொண்டைக்கு வசதியான இடத்தில் பாட்டை எடுப்பார். மற்றவர்கள் அதில் சேர்ந்துகொள்வார்கள். இன்று எடுத்த சுருதியில் நாளை எடுக்கமாட்டார். அக்கா மனப்பாடம் செய்தபடி ஜி-யில் தொடங்கினார். பாட்டு ஒரு பக்கம் போனது, கிதார் ஒரு பக்கம் போனது. பெரியம்மா பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நாங்க பாடறதா, உன் பொட்டி கத்தறதக் கேக்கறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

வீட்டுக்கு வந்த அக்கா அழவில்லை. அப்படி எழுதினால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் நடக்கவில்லை. திட்டினார். முதலில் பெரியம்மாவை, பிறகு கைப்பேசியை, பிறகு என்னை. கொஞ்ச நாளில் தானே ஒன்றைக் கண்டுபிடித்தார். பெரியம்மா எங்கே எடுத்தாலும் பாட்டு மாறுவதில்லை. ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு உள்ள தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அப்படியானால் எழுத்து எதற்கு?

எழுத்துகளைத் தூக்கிப் போட்டுவிட்டு அக்கா தானாகப் பெயர் வைத்தார். பாட்டு எங்கே வந்து நின்றால் நிம்மதியாக இருக்கிறதோ, அது வூடு. வூட்டிலிருந்து கொஞ்ச தூரம் போய், அங்கேயும் சற்று நேரம் இருக்கலாம் என்று தோன்றுகிற கார்ட், கயனி. கழனியை அக்கா அப்படித்தான் சொல்வார். நின்றாலும் நிற்க முடியாமல், சீக்கிரம் திரும்பச் சொல்லிக் காலை இழுக்கிற கார்ட், ரோடு. நான்காவது ஒன்று உண்டு. வூட்டின் சுரங்களில் இரண்டு அதிலும் இருக்கும். ஆனால் துக்கமாக ஒலிக்கும். "அதுவும் வூடுதான்டி. சாவு வூடு" என்றார். "ரோட்லர்ந்து வூட்டுக்கு வரான்னு நெனச்சிக்கினு கீற. கதவத் தொறந்தா சாவு வூடு. பாட்டக் கேட்டு அழுவறாங்களே, இதுக்குத்தான் அழுவறாங்க."

சங்கீதம் படித்தவர்கள் இவற்றுக்கு ஒன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று எண் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அதன் பிறகு அக்காவோடு பேருந்தில் போவது பெரிய பேஜார். ஓட்டுநர் பாட்டு போட்டுவிட்டால் என் தொடையில் தட்டிக்கொண்டே வருவார். "வூடு... வூடு... கயனி போறான் பாரு... இப்ப ரோடு, ரோடு... வந்துட்டான்." தப்பாகச் சொன்னால் தன் தொடையில் அடித்துக்கொள்வார். கேட்டுக் கண்டுபிடிப்பது பழகியதும் தானே கோத்துப் பார்த்தார். "வூட்லர்ந்து ரோடு, ரோட்லர்ந்து வூடுன்னு போய்க்கினே இருந்தா தபால்காரன் பொழப்பு. நடுவுல கயனிய வெச்சிப் பாரு, பாட்டு மூச்சு வுடுது" என்பார்.

மேடையில் கீபோர்டு வாசிக்கும் தம்பி, கிதார்க் கழுத்தில் மாட்டும் கிளிப் ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தார். அதை மேலும் கீழும் நகர்த்தினால் போதும், அதே பிடிகளில் எந்தச் சுருதிக்கும் வாசிக்கலாம். பெரியம்மா முதல் வரியை எடுக்கும்போது அக்கா வாசிக்கமாட்டார். தலையைக் குனிந்து, வாய்க்குள் முனகி, வூடு எங்கே என்று தேடுவார். கிளிப் ஒரு இடத்தில் விழும். இரண்டாம் வரியில் கிதார் சேரும். ஒரு வெள்ளிக்கிழமை பாட்டு முடிந்ததும் பெரியம்மா திரும்பிப் பார்த்து, "இன்னிக்குப் பொட்டி சொன்ன பேச்சக் கேக்குது" என்றார்.

அக்கா மறுபடி செயலாளரிடம் போனார். "கத்துக்கினேன், ஐயா."

"கமிட்டியில வைக்கணும்மா."

கமிட்டியில் வைத்தார்கள், தள்ளி வைத்தார்கள், மறுபடி வைத்தார்கள். அக்கா காத்திருக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்குக் கிதாரோடு வந்து, பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்து வாசித்தார். ஆராதனை முடிந்ததும் செயலாளர் வந்து நின்றார். "இன்னாம்மா இது?"

"மேடை ஏறலயே, ஐயா. பாய்லதானே கீறேன்."

ஒலிபெருக்கி கொடுக்கவில்லை. பின்வரிசை ஆண்களுக்குக் கிதார் கேட்கவே கேட்காது. முன்னால் இருந்த பெண்களுக்குக் கேட்டது. ஒவ்வொரு ஆண்டும் அக்கா விண்ணப்பம் கொடுத்தார். ஒவ்வொரு ஆண்டும் பாயில் உட்கார்ந்து வாசித்தார். "வுட்டுடேன், எதுக்கு வம்பு?" என்று நானே கேட்டிருக்கிறேன். "அவங்க வேணாம்னு சொல்லட்டும். வாயத் தொறந்து சொல்ல மாட்டறாங்களே, அதாண்டி எனக்கு வேணும்" என்றார். கடைசி வரை யாரும் அவரிடம் முடியாது என்று சொல்லவில்லை. மேடையிலும் ஏற்றவில்லை.

வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. பொது வார்டில் பக்கத்துக் கட்டில்காரரின் கைப்பேசி பாடிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டே, "தப்பு. இங்க சாவு வூட்டுக்குப் போயிருக்கணும்" என்றார். மாமா பதறிவிட்டார். "ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இன்னா பேச்சுடி பேசற?"

"யோவ், நான் பாட்ட சொல்றேன்யா."

அடக்கத்தன்று காலை செயலாளர் வீட்டுக்கு வந்தார். ஆராதனையின்போது கிதாரை மேடையில் வைத்து மாலை போட்டு மரியாதை செய்ய விரும்புவதாகச் சொன்னார். மாமா அதிகம் பேசாதவர். அன்று சொன்னார்: "அவ ஏறாத எடத்துல அது மட்டும் எதுக்குங்க ஏறணும்?" கிதார் வீட்டிலேயே இருந்தது. கல்லறையில் பெரியம்மா பாட்டை எடுத்தார். வாத்தியம் இல்லாமல் பாடினோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அக்காவுக்கு உடம்பு துடைத்துவிட்டு, வலி தெரியாமல் பேச்சுக் கொடுத்த செவிலியர்களுக்கு; மாமா வேலைக்குப் போன நாட்களில் வார்டில் கூடவே இருந்த பக்கத்து வீட்டு அண்ணிக்கு; ஏனாத்தூர் விடுதியிலிருந்து அடக்கத்துக்கு வேன் பிடித்து வந்த தோழிகளுக்கு; கிளிப் கொடுத்த தம்பிக்கு; ஒரு நாளும் தன் சுருதியை விட்டுக்கொடுக்காத பெரியம்மாவுக்கு. எங்கள் குடும்பம் உங்களை மறக்காது. சுவரொட்டி அடித்த சித்தப்பாவுக்கும் நன்றி. அதிலிருந்த வாசகத்தோடு மட்டுமே எனக்குச் சண்டை.

இந்த மலர் அச்சுக்குப் போகும் நேரத்தில் ஒரு செய்தி வந்தது. பாடகர் குழுவில் பெண்களும் மேடையேறி வாத்தியம் வாசிக்கலாம் என்று சபைக் கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம் என்று இரண்டு ஞாயிறு அறிவித்தார்கள். இதுவரை யாரும் பெயர் கொடுக்கவில்லை.