கோமதிக்குக் கோபம் வராத ஹார்மோன்

"மேடம் கிளம்பிட்டாங்க" என்று நர்ஸ் தேவி செய்தி அனுப்பியிருந்தாள். சிகிச்சை முடிந்து கோமதி அடையாறு வீட்டுக்குத்தான் கிளம்பிவிட்டார் என்று நினைத்து, "பத்திரமா போகச் சொல்லு" என்று பதில் போட்டேன். உடனே தேவி போன் செய்தாள். அவள் அழுகையைக் கேட்ட பிறகுதான் கோமதி இறந்துவிட்டார் என்பது எனக்கு உறைத்தது.

மயிலாப்பூரில் எங்கள் சிறிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கோமதி பிரசவம் பார்ப்பார், நான் குழந்தைகளைப் பார்ப்பேன். ஏ.சி. முதல் காபி வரை எல்லாவற்றுக்கும் சண்டை போடுவோம். அவருடைய நிதானம் எனக்கு எரிச்சலூட்டும். அவரை அறிந்தவர்களுக்கு அந்த நிதானம் புதிதல்ல.

ஒருமுறை நொச்சிக்குப்பத்திலிருந்து செல்வி பிரசவத்துக்கு வந்திருந்தாள். நாள் தாண்டிவிட்டது. வலிக்கான மருந்தை ட்ரிப்பில் ஏற்றியும் பலனில்லை. மாமியார் ஜாடையாகக் குத்திக்கொண்டே இருந்தார். "என் ஒடம்பு மரக்கட்டயா பூடிச்சு டாக்டரம்மா" என்று செல்வி தன்னையே நொந்துகொண்டாள்.

கோமதி ட்ரிப்பை நிறுத்தச் சொன்னார். "உடம்பைத் திட்டாதே. ட்ரிப்ல ஏத்துற ஆக்ஸிடோசின் வலியைக் கூப்பிடுது, கர்ப்பப்பைக்குக் கேட்கக் காது வேணாமா? ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன்தான் அந்தக் காதை வளர்க்கும். புரோஜெஸ்டிரோன் இதுவரைக்கும் எல்லாத்தையும் அமைதியா பிடிச்சு வச்சிருந்தது, அந்தப் பிடி தளரணும். உனக்கு இன்னும் காது முளைக்கல, அவ்வளவுதான்."

அந்தக் காதுக்கு உண்டான ஏற்பி என்ற பாடப்புத்தகச் சொல்லை அவர் பிரசவ அறைக்குள் விட்டதே இல்லை. நர்சுகளும் "காது முளைச்சாச்சா?" என்றே பேசிக்கொள்வார்கள். அன்று கோமதி சொன்னது வெளியே நின்ற மாமியார் காதில் அரைகுறையாக விழுந்துவிட்டது. "இன்னாமா சொல்ற, கொயந்தைக்குக் காது இல்லியா?" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோமதி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு முதலிலிருந்து விளக்கினார். எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மாள் செல்விக்கு டீ வாங்கப் போனார். கருப்பை வாய் இளக மருந்து வைத்துக் காத்திருந்தோம். மறுநாள் ட்ரிப் ஏற்றியதும் வலி வந்தது, பெண் குழந்தை பிறந்தது.

பிறகு கோமதிக்கே மார்பில் புற்றுநோய் வந்தது. ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளரும் வகை. அதை அடக்கத்தான் தினமும் மாத்திரை. கடைசியாகப் பார்த்தபோது நான் அந்த ஹார்மோனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"விடு. எத்தனை பிள்ளைங்களை என் கையில கொண்டுவந்து கொடுத்திருக்கு. அது மேல எனக்குக் கோபமே வரமாட்டேங்குது" என்றார்.

அந்தப் பெரிய மனசு எனக்கில்லை. எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் பால் சுரக்கவில்லை என்று ஒரு தாய் தன் உடம்பைத் திட்ட ஆரம்பித்தால், இப்போதெல்லாம் நான் பால் பவுடர் எழுதிக் கொடுக்க அவசரப்படுவதில்லை. சுற்றி நிற்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். கோமதி எனக்கு விட்டுப்போனது இதுதான்.