நாய்க்கு ஷிப்ட் மாறாது

இன்று காலை காவல் வேலை முடிந்து அறைக்கு வந்தேன். வடலூரில் ஒரு வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறை. வீட்டுக்காரரின் மகள் படிக்கட்டில் உட்கார்ந்து, புதிதாக வாங்கி வந்த நாய்க்குட்டியின் காதில் ஊதிக்கொண்டிருந்தாள். குட்டி நல்ல தூக்கத்தில் இருந்தது. என்னைக் கேட்காமலே என் வாய் சொன்னது: "எழுப்பாத பாப்பா. அது நைட் ஷிப்ட்டு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கிள், நீங்கதானே நைட்டு வேலைக்குப் போறீங்க? இது எங்க போவுது?"

அதற்குப் பதில் சொல்ல நெய்வேலி குவார்ட்டர்ஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் அவளுக்குப் பள்ளிக்கூட வேன் வந்துவிட்டது. நீங்கள் சும்மாதான் இருப்பீர்கள் என்று நினைத்து உங்களிடம் சொல்கிறேன்.

அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் நைட் என்று ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். நைட் வாரம் வந்தால் எங்கள் வீடு வேறு வீடாகிவிடும். ஜன்னலில் போர்வை தொங்கும். விசில் அடித்து எழுப்பிவிடும் என்று குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு, அம்மா பானையில் சோறு வடிப்பாள். கீழே விழுந்து அடிபட்டால்கூட வாசலுக்கு ஓடிப்போய்த்தான் அழுவோம். எங்கள் பிளாக்கில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். விளையாடக் கூப்பிட வருகிறவன் முதலில் கேட்பது, "ஒங்கப்பா என்ன ஷிப்ட்டுடா?"

அந்த நைட் வாரங்களில் அம்மா எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு தனியாக இருப்பாள். அதற்காகத்தான் நாய். தங்கை செல்வி அப்போது சிறு குழந்தை. கடித்துவைத்தால் என்ன செய்வது என்று அம்மாவுக்குப் பயம். அப்பா எங்களைக் கம்மாபுரம் பக்கம் இருந்த மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு நாய் குட்டி போட்டிருந்தது.

மாமா ஒரு குட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "பாத்தீங்களா மாப்ள, கத்தவே இல்ல. வேட்டைக்குப் போவும்."

"வேட்டைக்கு யாரு போறா மச்சான்? எனக்கு லீவே கெடைக்கல. அதக் கீழ வுடுங்க."

அப்பா செல்வியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒரு குட்டி வந்து அவள் பாவாடையைக் கவ்வி இழுத்தது. ஒன்று தாய்க்குப் பின்னால் போய்ப் பதுங்கியது. செம்மண் நிறத்தில் ஒன்று மெதுவாக வந்து அவள் காலை முகர்ந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தது. அப்பா அதை மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றில் கைவைத்தார். கொஞ்சம் உதைத்தது, அப்புறம் அடங்கியது. "இதான்" என்றார். ஆனாலும் அன்றைக்குத் தூக்கிவரவில்லை. பால் மறக்கட்டும் என்று விட்டுவைத்து, மறந்தபிறகு ஒருநாள் போய்க் கொண்டுவந்தார். பெயர் செவலை. பெயர் வைப்பதில் எங்கள் குடும்பம் அதிகம் மெனக்கெட்டதில்லை. நிறத்தைப் பார்த்தார்கள், வைத்துவிட்டார்கள்.

வந்த அன்றே அப்பா செல்விக்குச் சட்டம் சொன்னார். சுரங்கத்து ஆளுக்கு வேறு என்ன பாஷை வரும்?

"அது சாப்டறப்போ டிபன் டைம். கிட்டப் போவக் கூடாது. பகல்ல தூங்குனா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுத்திருக்குன்னு அர்த்தம். அப்பாவ எழுப்புவியா?"

"மாட்டேன்."

"அதே மாரிதான்."

அம்மாவுக்கும் ஒரு சட்டம் சொன்னார்: பிள்ளையையும் நாயையும் தனியாக விடக் கூடாது. "எனக்கு அது ஒண்ணுதான் வேலையா?" என்றாலும் அம்மா விட்டதில்லை. செவலை பெரிதாகும்வரை ஒரு கீறல்கூட விழவில்லை.

அப்பா பகல் ஷிப்ட்டுக்கு மாறியிருந்த ஒரு வாரம். மழை தூறியது, காய்ந்த துணியை எடுக்க அம்மா பின்பக்கம் போனாள். நான் வாசலில் சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு உறுமல், பிறகு செல்வியின் அலறல். தூங்கிக்கொண்டிருந்த நாயின் மேல் காலைப் போட்டுக் கட்டிப்பிடித்துப் படுத்திருக்கிறாள். மணிக்கட்டில் பல் பதிந்திருந்தது. செவலை கட்டிலுக்கடியில் போய் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஷிப்ட் முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்த அப்பா, அவள் கையைக் குழாயடியில் பிடித்துச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார். பிறகு சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு. ஊசி போட்ட டாக்டர், நாயை அடிக்கவோ விரட்டவோ கூடாது, நன்றாக இருக்கிறதா என்று கட்டிவைத்துப் பார்க்க வேண்டும் என்று கெடு சொல்லி அனுப்பினார்.

எதிர்வீட்டு அக்காவுக்குத் திருநெல்வேலி. வாசலில் நின்று கேட்டாள்: "ஏன்க்கா, நீங்க பிள்ள வளக்கியளா, நாய் வளக்கியளா?"

அது அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "கெடு முடிஞ்சதும் கொண்டுகினு போயி எங்கண்ணன் வூட்ல வுட்டுட்டு வந்துருங்க. அது இருந்தா நான் இங்க இருக்க மாட்டேன்." சொன்னவளேதான் தினம் விடிந்ததும் முதல் ஆளாகப் போய், செவலை தண்ணீர் குடிக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள்.

கெடு முடிந்தது. அப்பா கயிற்றை எடுத்தார். செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, செவலைக்கு எப்பப்பா ஷிப்ட்டு மாறும்?"

"என்னாது?"

"நீ பகல் ஷிப்ட்டு மாறிட்டல்ல? அது மட்டும் ஏன் பகல்ல தூங்குச்சி?"

அப்பா கயிறும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்லிக்கொடுத்ததை அவள் மீறவே இல்லை. அப்பா மாறினால் நாயும் மாறும் என்று இருந்துவிட்டாள்.

"நாய்க்கு ஷிப்ட்டு மாறாது பாப்பா. அதுக்கு எப்பவும் நைட்டுதான்."

"எப்பவுமா? பாவம்பா."

அம்மா சிரித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கயித்த வச்சிட்டு வந்து சாப்புடுங்க" என்றாள்.

அப்பா பின்பக்கம் ஒரு மூலையில் சுரங்கத்தில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் துண்டை விரித்து, முன்னால் செங்கல் வரிசை வைத்தார். அது செவலையின் குவார்ட்டர்ஸ். உள்ளே யாரும் போகக் கூடாது. செல்வி செங்கலுக்கு இந்தப் பக்கம் நின்று ஒருதரம் கூப்பிடுவாள். வந்தால் தடவுவாள். வராவிட்டால், "நைட்டு" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு நுனிக்காலில் திரும்பிவிடுவாள்.

செவலை கிழடாகிச் செத்தது. எனக்குப் பள்ளிக்கூடம் ஒன்பதாவதோடு சரி. திருப்பூர், பெல்லாரி, மங்களூர் என்று சுற்றினேன், எங்கேயும் ஒட்டவில்லை. நான் திரும்பியபோது அப்பா உயிரோடு இல்லை, வீட்டையும் காலி செய்திருந்தார்கள். அம்மா ஓசூரில் செல்வி வீட்டில் இருந்தாள், அங்கேயே கண்ணை மூடினாள். செல்வி பொங்கலுக்குப் போன் செய்வாள். போனமாதம் அந்தப் பக்கம் போனேன். எங்கள் குவார்ட்டர்ஸ் பூட்டிக் கிடந்தது. சுவரில் அரசங்கன்று. செங்கல் இருந்த இடத்தில் புல்.

கடைசியில் எனக்கு வாய்த்ததும் காவல் வேலை. செவலையைப் போலவே ஷிப்ட் மாறாது, எப்போதும் நைட்டுதான். இதை எழுதிவிட்டுப் படுக்கலாம் என்று ஜன்னலில் லுங்கியைத் தொங்கவிட்டிருக்கிறேன். முன்பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. மறுபடியும் அடிக்கிறது. எனக்காகக் குக்கரைப் பரணில் ஏற்ற இங்கே யாரும் இல்லை.