குட்டைச் சாவி

எங்கள் அக்கா வீட்டுக்காரரை ஏரியாவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வால்வு என்றுதான் சொல்வார்கள். "வால்வு வந்துட்டாரா?" "வால்வு இன்னைக்கு லேட்டு." எனக்கு அவர் மாமா. தண்ணீர் ஆபீசில் குழாய் திறந்து மூடுகிற வேலை. ரோட்டில் இருக்கிற இரும்பு மூடியைத் தூக்க வேண்டும், குழிக்குள் நீளச் சாவியை விட வேண்டும், திருக வேண்டும். இதுக்கு ஒரு சம்பளமா என்று என் கடைக்கு வருகிறவனே கேட்டிருக்கிறான். ஒரு நாள் வந்து திருகிப் பாருடா என்றேன்.

நான் வெல்டிங் கடைக்காரன். மாமாவின் சாவியும் நான் செய்து கொடுத்ததுதான். ஆள் உயரக் கம்பி. மேலே இரண்டு கையாலும் பிடிக்கக் குறுக்குப் பிடி. அடியில் வால்வின் தலையில் மாட்டுகிற சதுரக் கிண்ணம். நின்ற வாக்கிலேயே திருகலாம், இடுப்பு பிடிக்காது.

மாமா பார்த்தது இரண்டு தெரு. பள்ளத் தெரு, மேட்டுத் தெரு. இரண்டுக்கும் ஒரே குழாய். இரண்டும் பிரிகிற முக்கில் வால்வுக் குழி, அதற்கு எதிரே என் கடை. பள்ளத்து வால்வு திறந்திருக்கிற வரைக்கும் மேட்டுக்குச் சொட்டு ஏறாது. தண்ணீர் யார் முகத்தையும் பார்க்காது, கீழே போகும், அவ்வளவுதான். அதனால் முதலில் பள்ளத்துக்கு விடுவார். பிறகு அதை அடைப்பார், மேட்டுக்கு ஏறும். டேங்கில் இருப்பதோ ஒன்றரைத் தெருவுக்குத்தான் காணும்.

செருப்புக் கம்பெனி ஓடின காலத்திலும் இதற்குச் சண்டை உண்டு. பெண்கள் சண்டை, வாயோடு போய்விடும். ஆம்பளைகள் அந்த நேரத்துக்கு ஷிப்டுக்குப் போயிருப்பார்கள். கம்பெனியை மூடினார்கள். வேலை இல்லாதவனுக்கும் காலையில் எழுந்தால் போக ஒரு இடம் வேண்டுமே. குழாயடிக்கு வந்தான். பொண்டாட்டியை இன்னொருத்தி ஏசும்போது பக்கத்திலேயே நிற்கிறான். கை சும்மா இருக்கிறது, வயிறு எரிகிறது. முதலில் குடம் உடைந்தது, பிறகு மண்டை உடைந்தது. ஒரு கோடையில் மேட்டுத் தெருக்காரன் ஒருத்தனைக் குத்தியே போட்டுவிட்டார்கள்.

மாமா வீடு பள்ளத் தெரு. மகளைக் கொடுத்தது மேட்டுத் தெரு. இந்த வெட்டுக்குத்துக்கெல்லாம் முந்தின கல்யாணம் அது. இப்போது மேட்டுக்காரன், "அவரு பள்ளத்து ஆளு, அங்கதான் நிறைய விடுவாரு" என்பான். பள்ளத்துக்காரன், "மக வீட்டுக்கு ஊத்துறாருப்பா" என்பான். மாமா இரண்டு பேச்சையும் காதில் வாங்கிக்கொண்டு திருகிக்கொண்டிருப்பார். அவருக்கு இருந்த பயம் வேறு. அடுத்த சண்டையில் தன் மருமகன் இருந்துவிடக் கூடாது. குத்துகிறவனாகவும் இருக்கக் கூடாது, குத்துப்படுகிறவனாகவும் இருக்கக் கூடாது. மருமகன் கெட்டவன் இல்லை. கம்பெனியில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவன். வேலை போனதிலிருந்து யாராவது சிரித்தால்கூடத் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டான்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். போலீஸ் பெரிய அதிகாரி மைக்கைப் பிடித்து, "இந்த வன்முறைக்கு அடிப்படைக் காரணம் என்ன? மனசு விட்டுப் பேசுங்க" என்றார். ஒருத்தர் குடி என்றார். ஒருத்தர் செல்போன் என்றார். ஒரு அம்மா வளர்ப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் தன் மகனையே திரும்பிப் பார்த்தாள். மாமா எழுந்தார்.

"ஐயா, மேட்டுக்குத் தனி லைன் போடணும். பசங்களுக்கு வேலை வேணும். வேற ஒண்ணும் இல்லீங்க."

தண்ணீர் ஆபீஸ் இன்ஜினியர் நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னார்: "அண்ணே, நானும் ஒவ்வொரு வருஷமும் இதைத்தான் எழுதி அனுப்புறேன். புது லைன் போட கஜானாவுல ஒண்ணும் இல்ல. கம்பெனி வரி கட்டின வரைக்கும் இருந்துச்சு."

"மூடின கம்பெனியை நான் எங்கேர்ந்துய்யா கொண்டு வருவேன்?" என்றார் போலீஸ் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. அசந்துபோய்ச் சொன்னார்.

அங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாதவன் ஒருத்தன் இருந்திருந்தாலாவது அவனுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு வந்தோம் என்றிருக்கும். டீ கொடுத்தார்கள். இரண்டு தெரு ஆட்களையும் கை குலுக்க வைத்து போட்டோ எடுத்தார்கள்.

வெளியே வந்ததும் மாமா என் தோளில் கை போட்டார். "மச்சான், லைனும் வேலையும் நம்ம கையில இல்ல. சந்தேகத்தைப் போக்குறது நம்ம கையில இருக்கு."

"அதை எப்படிப் போக்குவீங்க? அதுக்கும் வால்வு இருக்கா?"

"இருக்குடா."

அவர் செய்தது இது. தினமும் தெருவுக்கு ஒரு ஆள் குழிப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அவர் திறப்பதையும் அடைப்பதையும் கண்ணால் பார்க்க வேண்டும். அடைத்ததும் இரண்டு பேரும் தங்கள் தெருவைப் பார்த்து, "அடைச்சாச்சு!" என்று குரல் கொடுக்க வேண்டும். வால்வு சொன்னால்தானே நம்ப மாட்டீர்கள், உங்கள் ஆளே சொல்லட்டும். மேட்டுக்கு மருமகனையே நிறுத்தினார். குரல் கொடுக்கிற பொறுப்பு இருந்தால் கத்தி எடுக்க மாட்டான் என்று கணக்குப் போட்டார். பள்ளத்துக்கு ஒட்டடைக்குச்சி என்று ஒருத்தன் வந்தான். ஆள் அப்படித்தான் இருப்பான், நெட்டையாக, ஒல்லியாக. சுருக்கமாகக் குச்சி. அதே கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டினவன்.

முதல் கொஞ்ச நாள் இரண்டு பேரும் முகம் கொடுக்கவில்லை. பிறகு வாய் திறந்தது.

"வாங்க மாப்பிள்ளை சார். என்ன மூஞ்சி இது, பசை டப்பா மாதிரி?"

"உன்னைக் குழிக்குள்ள விட்டா சாவியே வேணாம்டா. உன்னையே பிடிச்சுத் திருகலாம்."

"திருகு, திருகு. எங்க தெருவுப் பக்கமாத் திருகு."

மாமா சிரித்துக்கொண்டே சாவியைச் சுற்றுவார். அந்த மாதங்களில் குடம்கூட உடையவில்லை. மாமா மகள் தனியாக, பட்டப்பகலில், நடந்தே அம்மா வீட்டுக்கு வந்து போனாள். அக்காவுக்கு அதுவே பெரிய பண்டிகை. எனக்கும் ஒரு நப்பாசை வந்தது, பொய் சொல்வானேன்.

அடுத்த கோடை வந்தது. டேங்கில் தண்ணீர் அரைக்கும் கீழே. அன்று பள்ளத்தை அடைக்க மாமா சாவியைத் திருகினார். நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். சாவி லேசாகச் சுற்றியது. எப்போதும் கடைசிச் சுற்றுகளில் அவர் தோள் ஏறி இறங்கும், அன்று இறங்கவே இல்லை. எனக்கே தெரிந்தது. வால்வுக்கு உள்ளே இருக்கிற திருகுக் கம்பியின் மரை தேய்ந்துவிட்டது. மேலே தலை சுற்றுகிறது, கீழே தண்ணீரை அடைக்கிற தகடு இறங்கவில்லை.

அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அப்போதே, "வால்வு போச்சுடா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அவர் மனசில் ஓடியிருக்கும். தண்ணீர் இல்லாத நாளில், பள்ளத்து ஆள் கைச் சாவியில், பள்ளத்து வால்வு மட்டும் அடைபடவில்லையாம்! யார் நம்புவான்? இன்னும் நாலு சுற்றுச் சுற்றினால் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தார். மருமகன், "ஆச்சா மாமா?" என்றான். மாமா தலையை ஆட்டிவிட்டார்.

"அடைச்சாச்சு!" இரண்டு பேரும் கத்தினார்கள்.

பள்ளத்தில் பெண்கள் குடத்தை எடுத்தார்கள். குழாய் நிற்கவில்லை. வருகிற தண்ணீரை யார் விடுவார்கள்? திரும்ப வைத்தார்கள். மேட்டில் குழாய் வெறும் காற்றை ஊதியது. கொஞ்ச நேரம் பொறுத்தார்கள், பிறகு ஒருத்தி இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். மேலேயிருந்து ஆட்கள் திமுதிமுவென்று வந்தார்கள்.

"அடைச்சாச்சுன்னு சொன்னியேடா! மாமனார் வீட்டுச் சோறு அவ்வளவு ருசியா?"

"எவ்வளவுடா குடுத்தாங்க?"

மருமகன் குச்சி பக்கம் திரும்பினான். "கீழ வருதுன்னு உனக்குத் தெரியுமாடா?"

குச்சி என்ன செய்வான், அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் சொன்னான். சிரித்தான். "எங்க தெருவுக்கு அதிர்ஷ்டம், விடு மாப்பிள்ளை."

மாமா கையிலிருந்த சாவியை மருமகன் பிடுங்கினதை நான் பார்த்தேன். ஓடினேன். ஒரே அடி. "மரை போயிடுச்சுடா! மரை போயிடுச்சு!" என்று மாமா கத்திக்கொண்டே இருந்தார். யாருக்கும் புரியவில்லை. என்ன போயிற்று என்று பிறகு என்னிடம்தான் கேட்டார்கள். குச்சி குழி ஓரத்திலேயே கிடந்தான். ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை.

ஒரு உயிர் போனதும் புது வால்வு மறுநாளே வந்தது, போலீஸ் காவலோடு. முக்கில் கேமரா வைத்தார்கள், ஒரு போலீஸ் பெட்டியும் வைத்தார்கள். லைன் வரவில்லை. வேலை வரவில்லை. திரும்ப ஒரு கூட்டம் போட்டு அடிப்படைக் காரணம் கேட்டார்கள். மாமா போகவில்லை. இன்ஜினியர் போனார், குனிந்த தலை நிமிரவில்லை என்று கேள்வி.

புது வால்வு இருக்கிறது, திருகச் சாவி இல்லை. மாமா ஸ்டேஷனுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"சார், சாவியைக் குடுத்தீங்கன்னா தண்ணி விட்டுடுவேன்."

ஏட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பெரியவரே, அது கொலை ஆயுதம். கேஸ் முடியாம தர முடியாது."

"மேட்டுல தண்ணி இல்லீங்க."

"போய்யா. போ."

வேறு ஏரியாச் சாவியை இரவல் வாங்கித்தான் மாமா தண்ணீர் விட்டார். மருமகன் ஜெயிலில். மகள் அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். அங்கிருந்து குச்சியின் வீடு கூப்பிடு தூரம். அக்காவோ மகளோ குழாயடிக்குப் போக முடியாது. யாரும் அடிக்க வேண்டாம், பார்த்தாலே போதும். மாமாதான் பம்ப் ஹவுஸிலிருந்து சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வருகிறார். இரண்டு தெருவுக்குத் தண்ணீர் விடுகிறவர் வீட்டுக்கு இப்படித்தான் தண்ணீர் வருகிறது.

ஒரு நாள் கேனோடு வந்தவரை என் கடைக்கு எதிரே குச்சியின் அம்மா வழி மறித்தாள். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"அண்ணே, அடைபடலன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதுல்ல. ஏன் தலையை ஆட்டுனீங்க?"

கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

மாமா சைக்கிளைச் சாத்திவிட்டு நேராக என் கடைக்கு வந்தார். "மச்சான், புதுச் சாவி ஒண்ணு போடு. குட்டையா."

"குட்டைன்னா?"

முழங்கையிலிருந்து விரல் நுனி வரை காட்டினார்.

"எப்படி மாமா திருகுவீங்க? குழி அவ்வளவு ஆழம்."

"படுத்துத் திருகுறேன். தூக்கி அடிக்க வாகா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

செய்து கொடுத்தேன். இப்போது தினமும் ரோட்டில் குப்புறப் படுக்கிறார். ஒரு தோள் முழுக்கக் குழிக்குள், கன்னம் தார் ரோட்டில். சுற்றிலும் இரண்டு தெரு ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் யாரிடமும் பேசுவதில்லை. பெட்டிக்குள் போலீஸ்காரர் போன் பார்க்கிறார். இந்தக் கோடையில் டேங்கு போன வருஷத்தைவிடக் குறைவு.

அடைத்த பிறகும் மாமா எழுந்திருப்பதில்லை. "அடைச்சாச்சா?" என்று யாராவது கேட்டாலும் வாய் திறப்பதில்லை. மேட்டில் முதல் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் அப்படியே கிடப்பார். சில நாள் அது கேட்பதே இல்லை. அன்றைக்கு நான்தான் போய் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும்.