கீழ்ப்பக்கத்தாரின் முதுகு

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. லாரி ஆட்கள் அவரைக் ‘கீழ்ப்பக்கத்தார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பீரோவோ ஃப்ரிட்ஜோ, மாடிப்படியில் ஏற்றும்போது மேலே ஒருவர் பிடிக்க வேண்டும், கீழே ஒருவர் தாங்க வேண்டும். பாரமெல்லாம் கீழே நிற்பவர் தலையில்தான் விடியும். அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மேல்பக்கம் எப்போதும் மச்சான், மனைவியின் அண்ணன். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நடுவில் சாமான் நிற்பதால் வேலை நேரத்தில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. எல்லாம் குரல்தான்.

“மச்சான், இடது பக்கம் மடக்கு.”

“மடக்கிட்டேன்.”

“கொஞ்சம் சாய்.”

“சாச்சா உன் மேலதான் விழும்.”

“விழட்டும். உன் தங்கச்சி பாத்துப்பா.”

ஒருமுறை மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு மர பீரோ மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அந்த வீட்டம்மா பாவம் பார்த்து, மேலே நின்ற மச்சானுக்கு டீ கொடுத்தார். கீழே நின்றவருக்குக் கொடுக்க வழியில்லை. மச்சான் சும்மா குடித்தானா? ஒவ்வொரு வாய்க்கும் நேர்முக வர்ணனை. “நல்ல சூடு மச்சான். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனா பரவாயில்லை, குடிக்கலாம்.” கீழே நின்றவர் சிரித்த சிரிப்பில் கை நழுவி, பீரோ தானாகவே ஒரு விரற்கடை நகர்ந்து வழிவிட்டது. அதற்குப் பிறகு எந்தச் சாமான் மாட்டினாலும், “டீ கொண்டாரச் சொல்லட்டுமா?” என்பதுதான் இருவருக்கும் இடையில் பேச்சு.

முதுகுவலி அப்போதே உண்டு. ஒரு தைலம், ஒரு வெந்நீர் ஒத்தடம், மறுநாள் வேலை. அதை அவர் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

ஒரு சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தவரை மகள் வாசலிலேயே நிறுத்தினாள்.

“அப்பா, ஒரு செருப்பு எங்க?”

குனிந்து பார்த்தார். இடது கால் வெறுங்காலாக இருந்தது. பெருவிரல் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. செருப்பு எந்தத் தெருவில் கழன்றது, விரல் எந்தக் கல்லில் இடித்தது, ஒன்றும் தெரியவில்லை. யாருடைய காலையோ பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி எதிரில் உட்கார்ந்து, காயம் படாத இடமாகப் பார்த்துக் காலைக் கிள்ளினாள்.

“வலிக்குதா?”

“நீ இன்னும் கிள்ளவே இல்லையே.”

மறுபடி கிள்ளினாள், நகம் பதிய. அவர் முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா முதலில் கேட்டது, சிறுநீர், மலம் போவதில் ஏதாவது மாற்றம் உண்டா என்றுதான். இல்லை என்றார். “அதுல ஏதாவது மாறினா ஒரு நிமிஷம்கூட காத்திருக்காம ஓடி வரணும்” என்றவர், குதிகாலால் நடந்து காட்டச் சொன்னார். பிறகு விளக்கினார்.

“முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அழுத்துது. கால்ல பலம் பெரிசா குறையலை. அதனால ஆபரேஷனுக்கு இப்ப அவசரம் இல்லை. மாத்திரையும் பயிற்சியும் பாப்போம். என்ன வேலை பாக்கறீங்க?”

சொன்னார்.

“பாரம் தூக்கறது இனிமே வேண்டாம்யா” என்றார் டாக்டரம்மா, மெதுவாக.

வெளியே பெஞ்சில் மச்சான் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கேட்டு, ஸ்கேன் கவரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். “அப்பப்ப மாத்திப் பிடிச்சிருக்கணும், மச்சான். நான்தான் வசதியா மேலயே நின்னுட்டேன்.”

“மாத்தியிருந்தா நீ படுத்திருப்ப. உன் பொண்டாட்டிகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கறது?”

சொல்லிவிட்டார், ஆனால் சிரிப்பு இருவருக்குமே வரவில்லை.

அதற்குப் பிறகு வீடே கதி. உட்கார்ந்தால் உயிர் போயிற்று, சாப்பாடுகூட நின்றபடிதான். இடுப்பில் கிளம்புகிற வலி பின்தொடை வழியாக மின்சாரம்போல இறங்கும். கணுக்காலுக்குக் கீழே வந்ததும் கரண்ட் கட். வலிக்கிற இடத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஒன்றுமே தெரியாத அந்தப் பாதம்தான் அவரைப் பயமுறுத்தியது. காரணமில்லாமல் மகள்மேல் எரிந்து விழுந்தார். தெருவில் லாரி போனால் பேச்சை நிறுத்திவிடுவார். எந்த கியரில் போகிறது, பாரம் இருக்கிறதா, காலியா என்று காது தானாகக் கணக்குப் போடும்.

பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னாள். வலி காலைவிட்டு மேலே இடுப்புக்கு ஏறினால் நல்லது என்றாள். வலி ஊரைவிட்டுப் போவதற்குப் பதிலாக வீடு மாறுவதில் என்ன நன்மையோ என்று நினைத்தாலும், தினமும் செய்தார்.

ஒருநாள் பயிற்சி முடித்து மல்லாந்து படுத்திருந்தபோது, சாப்பாட்டு மேஜையின் அடிப்பலகை கண்ணில் பட்டது. அதில் சாக்பீஸால் ‘மேல்’ என்று எழுதியிருந்தது. மச்சானின் கையெழுத்து. எந்தப் பக்கம் மேல் என்பதை அடியில் எழுதிவைத்த மகான்!

இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள் அப்படியே திரும்பி வந்தது. மகள் அப்போது வயிற்றில். மனைவி சுருட்டிய மெத்தைமேல் மகாராணிபோல உட்கார்ந்து, எது எங்கே என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளையடித்த வாசனை போகவில்லை. மச்சான் பிடிக்க வந்தும் வேண்டாமென்று தள்ளிவிட்டு, அந்த மேஜையை ஒற்றை ஆளாகத் தலைமேல் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தார். அவசியமே இல்லை. அவள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் தனியாகச் சிரிப்பதைக் கேட்டு மனைவி வந்தாள். சொன்னார்.

“பாத்தேன்” என்றாள். “பாக்காத மாதிரி இருந்துட்டேன். பாத்தேன்னு தெரிஞ்சா பீரோவையும் அப்படித் தூக்கிட்டு வருவீங்களே!”

அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள். பிறகு அவள் தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவருடைய இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கை படுவது தெரிகிறதா என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

சுலபத்தில் ஆகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வலி தொடையை விட்டது, பிறகு இடுப்போடு நின்றது. பெருவிரல் மட்டும் மரத்தது மரத்ததுதான். செருப்பை விட்டுவிட்டுக் கயிறு கட்டுகிற ஷூவுக்கு மாறினார். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக் காயம் தேடுவது பல் தேய்ப்பதுபோலப் பழகிவிட்டது.

லாரி முதலாளி புது வேலை ஒன்று கொடுத்தார். முன்னாலேயே போய் இரண்டு வீட்டையும் பார்த்து, எந்தச் சாமான் எந்த வாசலில் நுழையும், எங்கே திருப்ப வேண்டும் என்று சொல்ல வேண்டும். நின்று, நடந்து செய்கிற வேலை. அவருக்குத் தோதுதான்.

முதல் நாள் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழ்ப்பக்கம் புதிதாக ஒருவர், முன்பு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நல்ல பலசாலி, வாய் திறக்காத மனிதர். ஃப்ரிட்ஜ் படியில் இறங்கியது.

“மச்சான், இறக்கவா?” மேலிருந்து பழக்க தோஷத்தில் குரல் வந்தது.

புதியவர் பதில் சொல்லவில்லை. தன்னைக் கூப்பிடுவதாக அவருக்குத் தோன்றியிருக்காது. தெருவில் நின்றவருக்குக் கை இரண்டும் தானாக நீண்டுவிட்டன. மடக்கி இடுப்பில் ஊன்றிக்கொண்டார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

“இறக்கு மச்சான். சுவரைப் பாத்து.”

லாரி கிளம்பும்போது அவர் ஏறவில்லை. அந்தக் குலுக்கல் ஆகாது. புது வீடு பக்கத்தில்தான், நடந்து வருகிறேன் என்றார். ஓடத் தொடங்கிய லாரி தெருமுனையில் நின்றது. மச்சான் இறங்கி, கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தான்.

“நீ எதுக்கு இறங்கின?”

“உன்கிட்ட மட்டும் சொல்றேன். கொஞ்ச நாளா எனக்கு முட்டி பிடிக்குது.”

“டாக்டர்கிட்ட போனியா?”

“போகல.”

“நாளைக்குப் போறோம்” என்றார் அவர்.

கடைகள் திறந்துகொண்டிருந்த தெருவில் இருவரும் அவசரமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள்.