குடைக்குச் சொல் தேடியவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம் இருந்தது. குடிப்பழக்கமாக இருந்திருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழவாவது முடியும் என்பாள் அவர் மனைவி. அவர் ஒரு பாஷை செய்துகொண்டிருந்தார்.

இல்லாத ஒரு தீவு. அங்கே எப்போதோ ரோமானியப் படைவீரர்கள் குடியேறினார்கள். அவர்கள் பேசிய லத்தீன், பிள்ளைகள் வாயிலும் பேரப்பிள்ளைகள் வாயிலும் தேய்ந்து தனிப் பாஷையாகிவிட்டது. பிரெஞ்சும் இத்தாலியனும் அப்படித் தேய்ந்தவைதானே, தன் தீவுக்கு மட்டும் என்ன குறை என்று கேட்பார். எந்தச் சொல்லையும் இஷ்டத்துக்கு வைக்கமாட்டார். லத்தீனில் வேர் இருக்க வேண்டும். தேய்ந்த வழியும் தெரிய வேண்டும். நிழலுக்கு லத்தீனில் ‘உம்ப்ரா’. தீவில் ‘ஓம்ரா’. லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து கிரீஸ் தடவும்போது இப்படி முணுமுணுப்பார். கூட வேலை செய்பவர்கள் அதை மந்திரம் என்று நினைத்து, அவர் ஏறிய லிஃப்டில் தைரியமாக ஏறினார்கள்.

ஒருநாள் ஊரிலிருந்து மாமியார் வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவருவது இவர் பொறுப்பு. கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. குடையை எடுத்தார். தீவில் குடைக்குச் சொல்லே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெயில் நாட்டுக்காரன் நிழலை வைத்துக் குடைக்குப் பெயர் வைப்பான். வருஷம் முழுக்க நனைகிற தீவுக்காரன் ஏன் அப்படி வைக்கப்போகிறான்? குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மாமியார் தானாகவே வந்து சேர்ந்தார், சொட்டச் சொட்ட.

“எங்க போயிட்டீங்க மாப்பிள்ளை?”

“இங்கதான் அத்தை இருந்தேன். குடைக்கு ஒரு வார்த்தை தேடிட்டிருந்தேன்.”

மனைவி அம்மாவிடம் துண்டை நீட்டினாள். கணவரிடம் பேசுவதை அதோடு நிறுத்தினாள்.

“கெடச்சுதா?” என்றார் மாமியார்.

“இல்ல அத்தை.”

மாமியாருக்குக் காய்ச்சல் வந்தது. இவர் லீவு போட்டு, மாத்திரையும் வெந்நீருமாகக் கட்டிலைச் சுற்றிவந்தார். காய்ச்சல் இறங்கியதும் மாமியார் கேட்டார்.

“உங்க பாஷையில மருமகனுக்கு என்ன?”

“ஜென்ரு.”

“லேட்டுக்கு?”

“தார்து.”

“அதைத் தூக்கிடுங்க. லேட்டுக்கும் ஜென்ருன்னே வைங்க.”

“அப்படியெல்லாம் வைக்க முடியாது அத்தை. தக்க காரணம் இருக்கணும்.”

மாமியார் இருமினார்.

மெக்கானிக் யோசித்தார். லத்தீனில் பானையைக் குறித்த சொல்தான், யாரோ கேலியாகச் சொல்லப்போய், பிரெஞ்சில் தலையாகிவிட்டது. கேலியிலிருந்து தலையே வரும்போது தாமதம் வராதா? சாயங்காலமே ‘தார்து’வை நீக்கினார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, நல்ல சொல்.

மறுநாள் காலை மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்: “ஜென்ரு ஆயிடுச்சு, கிளம்புங்க!”

அவர் ஒரு காலில் மட்டும் ஷூவோடு அப்படியே நின்றார். அந்தப் பாஷையை இன்னொருவர் வாயிலிருந்து அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. உச்சரிப்பு தப்பு. அவர் திருத்தவில்லை.

மாமியார் ஊருக்குப் போய் ஃபோன் செய்தார். மகளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார்.

“சம்பந்தியம்மாவுக்கு உங்க பாஷையில வார்த்தை இருக்கா?”

“இன்னும் வைக்கல அத்தை.”

“அவசரப்படாதீங்க. நான் யோசிச்சுச் சொல்றேன்.”