வடிய மறுத்த சேறு

எழுபதுகளின் கடைசியில், அபுதாபிக்கு வெளியே ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் கெமிஸ்ட். தொட்டியின் அடியில் தங்கும் சேற்றை, துணி சுற்றிய ஒரு பெரிய உருளை உறிஞ்சும். தண்ணீர் உள்ளே போய்விடும். சேறு காய்ந்து துணிமேல் அடையாகப் படிந்து உதிரும். அந்த ஜூலையில் சேறு தண்ணீரை விடவே இல்லை. துணியெல்லாம் வழவழவென்று அடைத்துக்கொண்டது. தண்ணீர் பிரியட்டும் என்று சுண்ணாம்பைக் கூட்டிப் போட்டேன். பலனில்லை. லேபில் வடிதாள் வைத்த புனலில் சேற்றை ஊற்றி நேரம் பார்ப்பேன். நான்கு நிமிடத்தில் வடிய வேண்டியது, அரைமணி ஆகியும் சொட்டிக்கொண்டிருக்கும்.

துணி கழுவுகிறவர் ராமநாதபுரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆசிட் தண்ணீரில் விரல் தோலெல்லாம் உரிந்திருந்தது. ஒரு காலை அவருக்குத் தந்தி வந்தது. அப்பாவுக்கு முடியவில்லை, உடனே புறப்படு.

மெஷின் ஓடாமல் யாருக்கும் லீவு இல்லை என்று சைட் மேனேஜர் இந்தியில் சொல்லிவிட்டார். எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவர் பீரோவில் இருந்தது.

நான்கு நாள் நானும் ராமநாதபுரத்துக்காரரும் துணியோடு மல்லுக்கட்டினோம். ஐந்தாம் நாள் அவர் லேப் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்காவது வடியுமா சார்?"

"பாக்குறேன்ணே."

"உசுரு இருக்கையில போயிரணும் சார். வேற ஒண்ணும் கேக்கல."

புனல் காலியாக இருபத்தெட்டு நிமிடம் ஆனது. மேனேஜர் வெயிலில் இறங்கி உருளையைப் பார்க்க வருவதில்லை, லேப் ரிஜிஸ்டரைத்தான் பார்ப்பார். அதில் நான்கு என்று எழுதினேன். பாஸ்போர்ட் கைக்கு வந்து, மறுநாளே ராமநாதபுரத்துக்காரர் விமானம் ஏறினார்.

பிறகு துணியை நானே கழுவினேன். கையெல்லாம் எரிந்தது. போக வழியில்லாத சேறு தொட்டியில் ஏறிக்கொண்டே வந்து, மூன்றாம் நாள் விளிம்பைத் தாண்டியது. புதிதாக நட்டிருந்த வேப்பங்கன்றுகள் அத்தனையும் கறுப்புச் சேற்றில் மூழ்கின. மேனேஜர் ரிஜிஸ்டரை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மறைக்கத் தெம்பில்லை, சொல்லிவிட்டேன்.

"லேப் கலாஸ்" என்றார், முடிந்தது என்பதை அரபியில். கான்ட்ராக்ட் முடியும்வரை துணி கழுவுவதுதான் என் டூட்டி.

ஒரு மாதம் கழித்து, ஊருக்குப் போனவர் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தார்.

"அப்பாவைப் பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன் சார். அவுகளுக்குத்தான் என்னைய அடையாளம் தெரியல. ரெண்டு நா வாயில தண்ணி ஊத்துனேன்."

என் கைகளையும் நான் பிடித்திருந்த பிரஷையும் பார்த்தார். ஹோஸை எடுத்துக்கொண்டு உருளையின் மறுபக்கம் போய் நின்றார். குளிர் தொடங்கியதும் சேறு தானாகவே வடிய ஆரம்பித்தது. ஏனென்று எனக்கு இன்றுவரை தெரியாது.